முந்தைய பாகத்து நாயகன் அடுத்த பாகத்தில் யார்? - வாசகர் கேள்வி பதில்

ஒரு கதாபாத்திரத்தை வளர்த்தெடுத்து ஆடும் ஆர்பிஜி கணினி ஆட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. ஒரு பாகத்தில் வளர்த்தெடுத்த கதாபாத்திரத்தை அதே தொடரின் அடுத்த பாகத்திற்குக் கொண்டுசெல்வது எப்படி, அதனால் என்ன பயன் என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி ஆட்டத்தின் முதல் பாகத்தை அண்மையில்தான் முடித்தேன். விர்மைர் கிரகத்தில் என் குழுவைச் சேர்ந்த ரெக்ஸ் இறந்துவிட்டான். அவன் உயிரோடு இருந்தால்தான் அடுத்த பாகங்கள் நன்றாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எல்லாரையும் காப்பாற்றி முடித்த வேறொருவரின் சேவ் கோப்பை (ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் கோப்பை) இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தலாமா? அல்லது முதலிலிருந்து மீண்டும் ஆட வேண்டுமா?
- ஒரு வாசகர், பட்டர்வொர்த்

இரண்டும் வேண்டாம். ரெக்ஸை இழந்த உங்கள் சொந்தக் கோப்போடு இரண்டாம் பாகத்திற்குள் செல்லுங்கள்.

இந்தத் தொடரில் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்திற்கு எது போகிறது என்று பார்த்தால் நான் இப்படிச் சொல்வதன் காரணம் விளங்கும். நீங்கள் ஆடும் நாயகனான ஷெப்பர்டின் பலம் அதிகம் போவதில்லை. முதல் பாகத்தில் 60ஆம் லெவல் வரை ஏறியவரும் இரண்டாம் பாகத்தை 5ஆம் லெவலில்தான் தொடங்குகிறார். துப்பாக்கிகளும் கவசங்களும் பழைய பாகத்திலேயே தங்கிவிடுகின்றன. போவதெல்லாம் முகம், பெயர், பின்புலம், அவற்றோடு நீங்கள் எடுத்த முடிவுகளின் பட்டியல். ரெக்ஸ் இருக்கிறானா, ராக்னி அரசியை விடுவித்தீர்களா, கடைசிப் போரில் கவுன்சிலைக் காப்பாற்றினீர்களா, குழுவினரான கேய்டன், ஆஷ்லி இருவரில் யாரை விட்டுவந்தீர்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று சிறு சிறு குறிகளாக அந்தக் கோப்பில் விடை பதிந்திருக்கிறது. இரண்டாம் பாகம் அந்தக் குறிகளைப் படித்துத்தான் தன் உலகத்தை அமைத்துக்கொள்கிறது. இன்னொருவரின் கோப்பை நீங்கள் இறக்கிக்கொண்டால், அவருடைய பட்டியலைத்தான் உங்கள் பட்டியலாக வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு டுச்சாங்கா கிரகத்தில் ரெக்ஸ் அரியணையிலிருந்து இறங்கி வந்து ஷெப்பர்டை நண்பன் என்று அழைக்கும்போது, அந்த நட்பைக் காப்பாற்றியவர் நீங்கள் அல்லர் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அந்தக் காட்சியின் இனிமை முழுவதும் அதிலேயே போய்விடும்.

ரெக்ஸ் இல்லாத உலகம் குறைபட்ட உலகம் என்று நண்பர்கள் சொல்வதும் சரியன்று. ரெக்ஸின் அர்ட்நாட் குலத்தின் தலைமை அப்போது அவனுடைய சகோதரன் ரீவிடம் போகிறது. ரீவ் முரடன், பழிவாங்குவதையே நினைப்பவன். அவனோடு நீங்கள் செய்துகொள்ளும் உடன்பாடு ஒவ்வொன்றும் வேறு கனம் கொண்டதாகிறது. கதையைக் கெடுக்காமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்றாம் பாகத்தில் தம் உயிரைக் கொடுக்க முன்வரும் ஒருவரிடம், ரெக்ஸ் தலைவனாக இருக்கும் உலகத்தில் என்ன பேசினாலும் அவர் மனத்தை மாற்ற முடியாது. ரீவ் தலைவனாக இருந்து, இரண்டாம் பாகத்தில் எடுத்த வேறொரு முடிவும் அதனோடு சேர்ந்தால்தான் அந்த வாய்ப்பே கிடைக்கும். எல்லாரையும் காப்பாற்றிய கோப்பை வைத்திருப்பவர் அந்த உரையாடலைக் கேட்கவே மாட்டார். எழுதியவர்கள் உங்கள் இழப்புக்கும் தனியாக ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நடந்து பாருங்கள்.

இந்தக் குறிகள் எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கின்றன என்பதற்கு கான்ராட் வெர்னரின் கதை ஒரு சான்று. முதல் பாகத்தில் ஷெப்பர்டின் மேல் அளவற்ற பக்தி கொண்டு பின்னாலேயே வரும் எளிய மனிதன் அவன். அவனிடம் கனிவாகப் பேசி வீட்டுக்கு அனுப்பலாம், முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி மிரட்டியும் அனுப்பலாம். ஆனால் இரண்டாம் பாகத்தில் அந்த ஒரு குறி பிழையாகப் படிக்கப்பட்டதால், கனிவாகப் பேசியவர்களையும் பார்த்து, நீங்கள் என் முகத்தில் துப்பாக்கியை நீட்டினீர்களே என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான். தாங்கள் காட்டிய கருணை மறக்கப்பட்டதில் ஆட்டக்காரர்கள் பலருக்கு உண்மையிலேயே வருத்தம். 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில், அப்போது மன உளைச்சலில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று கான்ராட் மன்னிப்புக் கேட்பதாகவே எழுதிச் சேர்த்தார்கள். ஒரு சின்ன மனிதனிடம் நடந்துகொண்ட விதத்தைக்கூட ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்த நடத்தையாகக் கருதினார்கள் என்பதை ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் புரிந்துகொண்டதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று பாகங்களையும் இந்த ஷெப்பர்டோடு முடித்த பிறகு, ரெக்ஸ் வாழும் உலகத்தைப் பார்க்க ஆசை இருந்தால் புதிதாக இன்னொரு ஷெப்பர்டைத் தொடங்குங்கள். அப்போது அவனுடைய குடும்பக் கவசத்தை முன்கூட்டியே மீட்டுக் கொடுத்துவிடுங்கள், அல்லது பேச்சுத்திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்; விர்மைர் கடற்கரையில் அது கைகொடுக்கும். இன்னொன்று: 2021இல் வெளியான லெஜண்டரி எடிஷனில் ஆடுவதானால், மூன்று பாகங்களையும் அதற்குள்ளேயே ஆடுங்கள். பழைய தனித்தனி வெளியீடுகளின் சேவ் கோப்புகளை அது ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: முதல் பாகம் முடியும்போது என் நாயகனை எதிர்க்க யாராலும் முடியாது. அடுத்த பாகம் தொடங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி என்று வெறுங்கையோடு நிற்கிறான். கொண்டுவரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா?
- ஒரு வாசகர், கிள்ளான்

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அதைக் கதையோடு பொருந்தச் செய்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அடுத்த பாகத்தைப் புதிதாக வாங்கித் தொடங்குபவருக்கும் அது ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் எதிரியையே நீங்கள் ஒரே வீச்சில் வீழ்த்திவிட்டால் உங்களுக்கும் சுவை இருக்காது. எனவே நாயகனை எப்படியாவது கீழே இறக்கியாக வேண்டும். 1989இல் வந்த கர்ஸ் ஆஃப் தி அஷ்யூர் பாண்ட்ஸ் ஆட்டத்தில், முந்தைய பாகமான பூல் ஆஃப் ரேடியன்ஸிலிருந்து வந்த உங்கள் குழு ஒரு விடுதியில் கண்விழிக்கும்போது உடைமைகள் எதுவும் இல்லை, கைகளில் மட்டும் நீல நிறத்தில் ஐந்து முத்திரைகள் குத்தப்பட்டிருக்கின்றன. பறிகொடுத்ததே அங்கே கதையின் புதிராகிவிடுகிறது. மாஸ் எஃபெக்ட் இரண்டாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே போய் நாயகனைச் சாகடித்து, இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிதாக உருவாக்கி எழுப்புகிறது. 2018இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி இரண்டாம் பாகத்தில், உங்கள் கோட்டைக்கு அடியிலிருந்து எழும் ஒரு தெய்வம் நாயகனின் ஆன்மாவில் ஒரு பகுதியைப் பறித்துச் செல்கிறது. அதைத் தேடிப் போவதுதான் கதையே.

என் மதிப்பில் மிக நேர்த்தியான ஏற்பாடு பால்டர்ஸ் கேட் தொடருடையது. 1998இல் வந்த முதல் பாகத்தில் அனுபவப் புள்ளிகளுக்கு 89,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் புதிதாக உருவாக்கப்படும் நாயகன் தொடங்குவதும் அதே 89,000இல்தான். ஆகவே பழைய நாயகனைக் கொண்டுவந்தவரும் புதிதாக வந்தவரும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கிறார்கள்; உங்களிடமிருந்து லெவல் எதுவும் பறிக்கப்படவில்லை. முதல் பாகத்தில் தேடித் தேடிப் படித்த மந்திர நூல்களால் உயர்ந்த வலிமை, அறிவு போன்ற அடிப்படைக் குணங்களும் அப்படியே கூட வருகின்றன. பழைய நாயகனை அழைத்துவருவதற்கு அதுவே தனி ஊக்கமாக இருந்தது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். முதல் பாகத்தில் மின்ஸ்க், ஜஹீரா ஆகிய துணைவர்களை நீங்கள் ஏறெடுத்தும் பார்க்காமல் வேறு நண்பர்களோடு ஊர் சுற்றியிருந்தாலும், இரண்டாம் பாகம் தொடங்கும் சிறைக்கூடத்தில் உங்களோடு அடைபட்டிருப்பவர்கள் அவர்கள்தாம். ஜஹீராவின் கணவன் காலிட் இறந்துவிட்டான் என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டது. பால்டர்ஸ் கேட் நாயகனின் உடலைக் கொண்டுவருகிறது, அவன் வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டுவரவில்லை. மாஸ் எஃபெக்ட் வாழ்க்கையைக் கொண்டுவருகிறது, உடலைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் எனக்கு இரண்டாவதே போதும். வாளும் லெவலும் அடுத்த பாகத்தில் ஒரு மாலைப் பொழுதில் திரும்பச் சேர்ந்துவிடும். ஒருவரைக் காப்பாற்றியதும் கைவிட்டதும் அப்படித் திரும்பச் சேராது.

கேள்வி: என் மகன் எஸ்பிஎம் தேர்வு முடித்திருக்கிறான். பழைய கணினியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்றால், அதில் என் ஹீரோ இருக்கிறான், விற்காதீர்கள் என்று அடம்பிடிக்கிறான். இதற்கு என்ன செய்வது?
- ஒரு தாயார், ஆயர் ஈத்தாம், பினாங்கு

அம்மா, உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவன் பல மாதங்கள் உழைத்து உருவாக்கியது அந்தக் கணினியில் இருக்கிறது. ஆனால் அதைக் காப்பாற்றக் கணினியையே வைத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பென்டிரைவ் போதும்.

பல ஆட்டங்களின் சேவ் கோப்புகள் விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் அந்தந்த ஆட்டத்தின் பெயரிலோ, அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். எடுத்துக்காட்டாக, மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் ஆகியவற்றுக்கு பயோவேர் என்ற கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதை அப்படியே முழுவதுமாக, பெயர் எதையும் மாற்றாமல் பென்டிரைவில் படியெடுத்து, வேறோர் இடத்தில் இரண்டாவது படியும் வைத்துக்கொள்ளட்டும். புதிய கணினியில் ஆட்டத்தை நிறுவி, ஒருமுறை திறந்து மூடிய பிறகு, அதே இடத்தில் அந்தக் கோப்புறையை வைத்தால் பெரும்பாலான ஆட்டங்கள் பழைய நாயகனை அடையாளம் கண்டுகொள்ளும். கணினியைக் கொடுப்பதற்கு முன் புதிய கணினியில் அந்தக் கோப்பு திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது மிகவும் முக்கியம். லோ யாட் பிளாசாவிலோ பிராங்கின் மாலிலோ எந்தக் கடையில் கொடுத்தாலும், முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிடுவார்கள். அதன் பிறகு வருந்திப் பயனில்லை.

வீட்டில் பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிளேஸ்டேஷன் 4 ஆட்டங்களின் சேவ் கோப்புகளை யூஎஸ்பி கருவியில் படியெடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5க்கென்றே வந்த ஆட்டங்களின் கோப்புகளை அப்படி எடுக்க முடியாது. சந்தா கட்டி இணையச் சேமிப்பில் வைக்க வேண்டும், அல்லது ஒரு கன்சோலிலிருந்து இன்னொரு கன்சோலுக்கு நேரடியாக மாற்ற வேண்டும்.

கேள்வி: சிறுவயதில் கேம் பாய் அட்வான்ஸில் கோல்டன் சன் ஆடும்போது நீளமான ஒரு பாஸ்வேர்டைப் பள்ளி நோட்டில் எழுதி வைத்தது நினைவிருக்கிறது. இப்படி நாயகனைக் கொண்டுசெல்லும் வழக்கம் எப்போது தொடங்கியது? இதைச் சிறப்பாகச் செய்த பழைய தொடர் எது?
- ஒரு வாசகர், செந்தூல்

உங்கள் நினைவு சரியானதே. முதல் பாகத்தை முடித்தவரிடம் இருவர் விளையாடும் இணைப்புக் கேபிளும் இன்னொரு கேம் பாயும் இல்லையென்றால், பாஸ்வேர்டைக் கையால் எழுதி இரண்டாம் பாகத்தில் உள்ளிட வேண்டியிருந்தது. அதில் மூன்று தரங்கள் இருந்தன. மிகச் சிறியதில் 16 எழுத்துகள்தாம், அது முதல் பாகத்து நாயகன் ஐசக்கையும் நண்பர்களையும் லெவலோடு கொண்டுவந்தது. மிகப் பெரியதில் 260 எழுத்துகள். வைத்திருந்த காசும் பொருள்களும்கூட அதில் அடங்கின. அதில் ஓர் எழுத்து தவறினாலும் ஏற்காது. சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் வேறுபடுத்தி எழுத வேண்டும் என்பது வேறு. இத்தனை பாடுபட்டு எழுதினாலும் இரண்டாம் பாகம் ஃபெலிக்ஸ் என்ற வேறொருவனின் கதையாகவே நெடுந்தூரம் போகும். ஐசக்கின் குழு பிற்பகுதியில்தான் வந்து சேரும். நோட்டைப் பத்திரமாக வைத்திருந்த சிறுவனுக்கு அந்தச் சந்திப்பு எவ்வளவு பெரிய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வழக்கத்தின் தொடக்கம் இன்னும் இருபது ஆண்டுகள் பழையது. 1981இல் விசார்ட்ரி வந்தது. அடுத்த ஆண்டே வந்த அதன் இரண்டாம் பாகத்தை ஆட முதல் பாகத்தில் வளர்த்த வீரர்களே தேவைப்பட்டார்கள். அவர்களை வட்டிலிருந்து வட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1983இல் வந்த மூன்றாம் பாகம் வேறு வழியைக் கண்டது. உங்கள் பழைய வீரர்கள் அதில் மூதாதையர் ஆகிறார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுடைய மரபை ஏற்றுக்கொண்டு முதல் லெவலிலிருந்து தொடங்குகிறார்கள். பலத்தைக் குறைப்பதற்கு இதைவிட மரியாதையான காரணத்தை நான் பார்த்ததில்லை.

சிறப்பாகச் செய்தது எது என்றால் தயக்கமின்றி குவெஸ்ட் ஃபார் குளோரி என்பேன். லோரி கோல், கோரி கோல் இணையர் சியரா நிறுவனத்துக்காக உருவாக்கிய ஐந்து பாகங்கள், 1989 முதல் 1998 வரை வந்தவை. ஆட்டம் முடிந்ததும் நாயகனை ஒரு கோப்பாக வட்டில் எழுதிக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு திறனும் செய்யச் செய்யத்தான் வளரும். மரத்தில் ஏறி ஏறித்தான் ஏறும் திறன் உயரும், கல்லை எறிந்து எறிந்துதான் எறியும் திறன் உயரும். முதல் பாகத்தில் ஒரு திறனின் உச்சம் 100, இரண்டாவதில் 200, அப்படியே ஐந்தாவதில் 500. நாயகனைக் கீழே இறக்காமல் கூரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனார்கள். இரண்டாம் பாகம் முழுவதும் நேர்மையாக நடந்துகொண்ட நாயகனிடம், இறுதியில் ரக்கீஷ் என்ற சிங்கமுக வீரர் தம் வாளைக் கொடுத்து அவனைப் பாலடினாக, அதாவது அறநெறி காக்கும் வீரனாக, ஏற்கிறார். அந்தப் பாகத்தில் அதை எந்தப் பட்டியலிலும் தேர்ந்தெடுத்துப் பெற முடியாது. நடத்தையால்தான் பெற முடியும். அந்தப் பாலடின் அப்படியே மூன்றாம் பாகத்துக்குள் போகிறான். உடலும் வாழ்க்கையும் ஒருங்கே கூடவரும் தொடர் இது. இன்றைக்கும் கணினியில் வாங்கி ஆட முடியும் என்பதால் உங்களுக்கு வலியுறுத்திச் சொல்கிறேன்: ஐந்தையும் ஒரே நாயகனோடு ஆடிப் பாருங்கள்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்து நாயகனை 2023இல் வந்த மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுவர முடியுமா?
- ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

முடியாது. உருவாக்கிய நிறுவனமும் வேறு, விதிமுறைகளும் வேறு, கதையும் நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பிறகு நடக்கிறது. ஜஹீரா, மின்ஸ்க் போன்ற சில பழைய பாத்திரங்கள் மட்டும் மீண்டும் வருவார்கள்.

கேள்வி: டிராகன் ஏஜ் தொடரை முதல் பாகத்திலிருந்து ஆடிவருகிறேன். 2024இல் வந்த நான்காம் பாகத்தில் என் பழைய முடிவுகளில் கிட்டத்தட்ட எதுவுமே கேட்கப்படவில்லை. நிறுவனங்கள் ஏன் இந்த வழக்கத்தைக் கைவிடுகின்றன?
- ஒரு வாசகி, செராஸ்

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. முந்தைய பாகமான இன்க்விசிஷனிலிருந்து மூன்றே மூன்று முடிவுகளைத்தான் அந்த ஆட்டம் கேட்கிறது. 2009இல் ஃபெரெல்டன் நாட்டின் அரியணையில் யாரை அமர்த்தினீர்கள் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

காரணம் செலவும் கருவிகளும்தான். இரண்டு வாய்ப்புகள் உள்ள ஒவ்வொரு முடிவுக்கும் அடுத்த பாகத்தில் இரண்டு விதமாக வசனம் எழுதி, குரல் பதிவு செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பாதியைத்தான் ஓர் ஆட்டக்காரர் பார்ப்பார். பாகங்கள் கூடக்கூட இந்தச் சுமை பெருகும். அதோடு, பாகங்களுக்கு இடையே ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகிவிடுவதால் கன்சோல் தலைமுறையே மாறிவிடுகிறது. சேவ் கோப்பு பழைய கருவியில் கிடக்கும், ஆட்டம் புதிய கருவியில் வரும்.

இதற்கு மூன்று விதமான மாற்றுவழிகளைப் பார்த்திருக்கிறோம். முதல் பாகம் பிளேஸ்டேஷன் 3இல் அப்போது இல்லாததால், மாஸ் எஃபெக்ட் இரண்டாம் பாகம் 2011இல் அதில் வந்தபோது ஒரு படக்கதையைக் காட்டி, முக்கியமான இடங்களில் நிறுத்தி முடிவுகளைக் கேட்டார்கள். 2014இல் இன்க்விசிஷனுக்காக டிராகன் ஏஜ் கீப் என்ற இணையதளத்தையே அமைத்தார்கள். அதில் பழைய முடிவுகளை நீங்களே குறித்துக் கொடுத்தால் ஆட்டம் அதை எடுத்துக்கொள்ளும். விரிவான ஏற்பாடுதான், ஆனால் அந்த நினைவுகள் உங்கள் கையில் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மூன்றாவது, 2015இல் வந்த விட்சர் மூன்றாம் பாகம். பேரரசரைப் பார்க்கப் போகும் முன் விசிமா அரண்மனையில் நாயகன் ஜெரால்ட்டின் தாடியை மழிக்கிறார்கள். அருகே நிற்கும் தளபதி வூர்ஹிஸ் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இரண்டாம் பாகத்து எதிரியான லெத்தோவைக் கொன்றாயா, விட்டுவிட்டாயா என்கிறார். நீங்கள் சொல்லும் விடையே உங்கள் கடந்தகாலம் ஆகிறது. லெத்தோ உயிரோடு இருக்கிறான் என்றால் பின்னொரு நாள் அவனை நேரில் சந்திக்கலாம். முகத்தில் கத்தி ஓடிக்கொண்டிருக்க, பதில் சொல்லித்தான் தீர வேண்டும் என்ற நிலையில் விசாரணை நடப்பதால் அது கேள்வித்தாளாகத் தோன்றாமல் கதையாகவே நிற்கிறது. கோப்பு இல்லாத இடத்தில் இதுவே சிறந்த வழி என்று கருதுகிறேன். டிராகன் ஏஜ் நான்காம் பாகத்தின் குறை கேட்டுப் பெற்றதில் இல்லை, மூன்றோடு நிறுத்திக்கொண்டதில்தான் இருக்கிறது.

இனி எந்தத் தொடரை ஆடினாலும், ஒவ்வொரு பாகமும் முடிந்த கையோடு முக்கியமான முடிவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிராகன் ஏஜ் கீப் தளம் வந்தபோது முதல் பாகத்தை ஆடி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு சிறுவனைக் காப்பாற்றினோமா இல்லையா என்பது போன்ற கேள்விகளுக்கு நினைவிலிருந்து விடை சொல்லப் பலராலும் முடிந்திருக்காது. பெயர், வகுப்பு, யாரோடு காதல், யார் இறந்தார், யாரை அரியணையில் அமர்த்தினீர்கள், எந்த ஒப்பந்தத்தை முறித்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.